அரசு உண்டு, அவை இல்லை

அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குத் துணைநிலை ஆளுநர் உண்டு, தலைமைச் செயலாளர் உண்டு, செயலகமும் அதன்கீழ் வரிசையாக இயக்குநரகங்களும் உண்டு. சட்டமன்றம் மட்டும் கிடையாது. தீவுவாசிகள் 'அட்மினிஸ்ட்ரேஷன்' என்ற ஒற்றைச் சொல்லால் குறிக்கும் இந்த நிர்வாகத்தை அவர்கள் வாக்களித்து அமைக்கவில்லை. வாக்களித்து மாற்றவும் முடியாது. அரசியல் சாசனத்தின் 239-ஆவது பிரிவின்படி யூனியன் பிரதேசங்களைக் குடியரசுத் தலைவர் ஒரு நிர்வாகி மூலம் ஆள்கிறார். நடைமுறையில் குடியரசுத் தலைவர் என்றால் டெல்லியில் உள்துறை அமைச்சகம். நிர்வாகி என்றால் தலைநகரில் இருக்கும் துணைநிலை ஆளுநர்.

1956 நவம்பர் 1 அன்று தீவுகள் யூனியன் பிரதேசமாயின. முதன்மை ஆணையர் என்று இருந்த பதவி 1982-இல் துணைநிலை ஆளுநர் ஆயிற்று. 1967 வரை மக்களவை உறுப்பினரைக்கூடக் குடியரசுத் தலைவர்தான் நியமித்தார். அந்த ஆண்டுதான் தீவு மக்கள் முதன்முறையாக ஓர் எம்.பி.யைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011 கணக்கெடுப்பில் 3,80,581 பேர் வாழ்ந்த தீவுக்கூட்டத்துக்கு இன்றும் அந்த ஒரே எம்.பி.தான். மாநிலங்களவையில் இடம் இல்லை. 1980-களில் பிரதேசக் கவுன்சில் என்ற ஆலோசனை அமைப்பு ஒன்று இருந்தது. ஆலோசனை சொல்லும், கேட்பதும் விடுவதும் நிர்வாகத்தின் விருப்பம். பஞ்சாயத்து, நகராட்சி ஒழுங்குவிதிகள் 1994-இல் வந்தபின் அதுவும் மறைந்தது.

இந்த அமைப்பு ஒரு குடும்பத்தின் அன்றாடத்தில் எப்படி நிற்கிறது என்பதைத் தலைநகரின் டெய்ரி ஃபார்ம் பகுதியிலிருந்து பார்த்தால் விளங்கும். ஹேடோ, அபர்தீன், ஃபீனிக்ஸ் பே போலவே ஆங்கிலத்திலேயே நின்றுவிட்ட பெயர் அது. அங்குள்ள ஒரு வீட்டில் எரியும் மின்விளக்குக்குக் கப்பலில் வந்த டீசலை எரித்துத்தான் பெரும்பாலும் மின்சாரம் எடுக்கிறார்கள். எடுப்பது நிர்வாகத்தின் மின்துறை. யூனிட்டுக்கு என்ன விலை என்று தீர்மானிப்பது கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் பொதுவாக குருகிராமில் இயங்கும் கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். பிள்ளைகள் படிக்கும் பாடத்திட்டம் டெல்லியின் சி.பி.எஸ்.இ.; தமிழ்வழிப் பள்ளிக்கும் அதுவே. வழக்கு என்று போனால் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் சுற்று அமர்வு. ரேஷன் அரிசி மெயின்லேண்டிலிருந்து வர வேண்டும். ஊருக்குப் போக, தீவுவாசி என்பதற்குச் சான்றான ஐலேண்டர் கார்டைக் காட்டிச் சலுகைக் கட்டணத்தில் சென்னைக் கப்பலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர், மூன்று நாளை ஒட்டிய பயணம். கப்பல் பழுதுபார்க்கப் போய்விட்டால் டிக்கெட் கவுன்டரில் வரிசை நீளும்.

தண்ணீரின் கதை இன்னும் நுணுக்கமானது. நகரத்தின் முக்கிய நீராதாரமான தனிகாரி அணை, அந்தமான் பொதுப்பணித் துறையின் பொறுப்பு. அதாவது நிர்வாகத்தின் கையில். அங்கிருந்து வரும் தண்ணீரைத் தெருக்குழாய்களுக்கும் வீடுகளுக்கும் பிரித்துவிடுவது நகராட்சியின் வேலை. ஆண்டில் பெரும்பகுதி மழை கொட்டும் ஊரில், பிப்ரவரி முதல் பருவமழை இறங்கும்வரை முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். டிரம், சின்டெக்ஸ், குடம் என்று இருப்பதையெல்லாம் நிரப்பிக்கொள்வது அந்த மாதங்களின் வழக்கம். முறை தவறினால் மக்கள் கேட்கக்கூடிய ஒரே ஆள் வார்டு கவுன்சிலர். அவரைத்தான் அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அணை அவர் கையில் இல்லை. அணையின் பட்ஜெட் அவருடைய மன்றத்துக்கே வருவதில்லை. வாக்கு வாங்கியவரிடம் அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவர் வாக்குக் கேட்டு வருவதில்லை.

கொள்கையைத் தீர்மானிப்பதில் இந்த நிர்வாகமும் அதன் பின்னால் நிற்கும் அமைச்சகமும் வைத்திருக்கும் ஆற்றலுக்கு இந்தியாவில் இணை குறைவு. காரணம் 240-ஆவது பிரிவு. அந்தமான் உள்ளிட்ட சில யூனியன் பிரதேசங்களுக்கு அமைதி, முன்னேற்றம், நல்லாட்சி ஆகியவற்றின் பொருட்டுக் குடியரசுத் தலைவர் ஒழுங்குவிதிகளை இயற்றலாம் என்கிறது அது. அந்த ஒழுங்குவிதி நாடாளுமன்றச் சட்டத்துக்கு நிகரானது. இதற்கும் ஒரு படி மேலே, அந்தப் பிரதேசத்தில் நடைமுறையில் உள்ள நாடாளுமன்றச் சட்டத்தையே அது திருத்தலாம், நீக்கலாம். ஒரு மாநிலத்தில் மசோதா, விவாதம், திருத்தம், வாக்கெடுப்பு என்று மாதக்கணக்கில் நடக்கும் வேலை, இங்கே கோப்பு ஒன்று மேலே போய்க் கீழே வருவதோடு முடிகிறது. நிலச் சீர்திருத்தம் 1966-இல் அப்படித்தான் வந்தது. பஞ்சாயத்தும் நகராட்சியும் அப்படித்தான் வந்தன.

இந்த வழியில் நல்லது நடக்கவே நடக்காது என்று சொல்வதற்கில்லை. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி இல்லாமல் ஜாரவாக்களின் காடும் சென்டினல் தீவும் இன்று என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே கடினம். வாக்குப் பலத்தால் நடக்கும் அவை ஒன்று அப்போதே இருந்திருந்தால், குடியேறிகளின் நிலப்பசிக்கு முன் அந்த ஒழுங்குவிதி தாக்குப்பிடித்திருக்குமா என்ற கேள்விக்கும் எளிய விடை கிடையாது. சட்டமன்றம் கேட்பவர்கள் பலர் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தீவுகளின் மக்கள்தொகையே இப்படிக் கோப்புகளில் எழுதப்பட்டதுதான். கிழக்கு வங்க அகதிகள் 1949 முதல் குடியேற்றப்பட்டார்கள். ராஞ்சியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றுக்கு நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்ட வேலை ஒதுக்கப்பட்டது. கச்சாலில் காலங்காலமாக வாழ்ந்த நிக்கோபாரிகளுக்கோ, மலையகத்திலிருந்து வந்த தொழிலாளர்களுக்கோ தங்கள் விருப்பத்தைச் சொல்ல ஒரு மன்றம் இருக்கவில்லை. அந்தத் தோட்டத்தை நடத்திய வன, தோட்ட வளர்ச்சிக் கழகம் மரம் வெட்டித்தான் வருமானம் பார்த்தது. 2002-இல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியதும் கழகம் நொடித்தது. சம்பளத்துக்கே மத்திய அரசின் கடன் தேவைப்பட்ட நிலையில் ஆண்டுகள் ஓடி, 2017-இல்தான் அதை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தொடங்கும்போது இருந்த வேகம், முடிக்கும்போது பதினைந்து ஆண்டுத் தயக்கமாக மாறியிருந்தது.

விதி எழுதுவதில் வலிமை, நிறைவேற்றுவதில் தடுமாற்றம் என்ற இதே முடிச்சு உலகின் இன்னொரு மூலையில் வேறு அளவில் இருக்கிறது. பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஆணையம், நாடுகளுக்கு மேலான நிர்வாக அமைப்புகளில் மிக வலிமையானது. 1952-இல் நிலக்கரி–எஃகுச் சமூகத்தின் உயர் அதிகாரக் குழுவாக ழான் மோனே தலைமையில் தொடங்கி, 1958 முதல் இன்றைய வடிவில் இயங்குகிறது. 27 ஆணையர்கள், ஏறத்தாழ 32,000 பணியாளர்கள். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்ட முன்மொழிவை வைக்கும் உரிமை பெரும்பாலும் அதற்கு மட்டுமே உரியது. நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குக்கூட அந்த உரிமை இல்லை. அதன் கை எவ்வளவு நீளம் என்பதை இலங்கை மீனவர்கள் அறிவார்கள். கடலில் சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கத் தவறியதாக 2012-இல் இலங்கைக்கு மஞ்சள் அட்டை, 2014 அக்டோபரில் சிவப்பு அட்டை. 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்கு ஐரோப்பியச் சந்தை மூடிக்கொண்டது. 2016 ஜூனில்தான் தடை நீங்கியது. பிரஸ்ஸல்ஸில் ஒரு வாக்கும் இல்லாத நீர்கொழும்புப் படகுக்காரரின் வலையில் விழுந்த மீனின் விலையையும் அந்த அட்டை தீர்மானித்தது.

விதி எழுதும் கை அவ்வளவு நீண்டது; நிறைவேற்றும் கையோ இரவல். ஒன்றியத்தின் நிதியில் பெரும்பகுதியை வேளாண் மானியமாகவும் வட்டார வளர்ச்சிப் பணமாகவும் செலவிடுவது உறுப்பு நாடுகளின் அலுவலகங்கள். கணக்குத் தவறினால் மட்டும் பழி பிரஸ்ஸல்ஸுக்கு. ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2023-ஆம் ஆண்டுச் செலவில் 5.6 விழுக்காடு விதிக்குப் புறம்பானது என்று மதிப்பிட்டது. ஆணையத்தின் சொந்த வீடும் ஒழுங்காக இருந்ததில்லை. வேண்டியவர்களுக்கு நியமனம், ஒப்பந்தங்களில் முறைகேடு என்ற புகார்களை விசாரித்த சுயேச்சை நிபுணர் குழு, எதற்கு யார் பொறுப்பு என்பதே தெரியாத நிலை அங்கே நிலவுவதாகக் கண்டது. 1999 மார்ச்சில் ழாக் சான்டேர் தலைமையிலான ஆணையம் முழுவதுமாகப் பதவி விலகியது. விலகாமல் இருந்திருந்தால் நாடாளுமன்றம் வாக்கெடுப்பில் வெளியேற்றியிருக்கும்.

அந்தமானில் இந்தக் கணக்கு தலைகீழ். இங்கே கைகளுக்குப் பஞ்சமில்லை. தீவுகளில் நிரந்தர வருமானம் உள்ள குடும்பம் என்றாலே பெரும்பாலும் அரசு ஊழியர் குடும்பம்தான். ஆனால் கையை அசைக்கும் உத்தரவு 2,000 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வர வேண்டும். இரண்டு இடங்களிலும் முடிவெடுப்பவர் ஒருவர், நிறைவேற்றுபவர் வேறொருவர். பிரஸ்ஸல்ஸில் மிச்சமிருக்கும் அந்த வாக்கெடுப்புப் பயம் மட்டும் இங்கே இல்லை.

நிறைவேற்றத்தின் பலவீனங்களில் முதலாவது ஆட்கள். உயர் பதவிகளுக்கு வருபவர்கள் அருணாசலப் பிரதேசம், கோவா, மிசோரம், யூனியன் பிரதேசங்கள் ஆகியவற்றுக்குப் பொதுவான ஐ.ஏ.எஸ். பிரிவைச் சேர்ந்தவர்கள். அடுத்த நிலையில் டெல்லியோடு இணைந்த டானிக்ஸ் என்னும் குடிமைப் பணியின் அதிகாரிகள். டெல்லியிலிருந்து வந்து இரண்டு மூன்று ஆண்டு இருந்துவிட்டு டெல்லிக்கே திரும்புவது இயல்பான சுழற்சி. ஓர் அதிகாரி நான்கவ்ரி தீவுக்குக் கப்பல் எத்தனை நாளைக்கு ஒருமுறை போகிறது, எந்தத் தீவில் எந்த மாதம் ஜெட்டியில் அணைய முடியாது என்று தெரிந்துகொள்ளும்போது மாற்றல் உத்தரவு வந்துவிடும். கீழ்நிலை ஊழியர்கள் அங்கேயே பிறந்து அங்கேயே ஓய்வுபெறுபவர்கள். எல்லாம் தெரிந்தவரிடம் கையெழுத்து இல்லை.

இரண்டாவது, உத்தரவுக்கும் செயலுக்கும் உள்ள தூரம். அந்தமான் நெடுஞ்சாலையைப் போல இதற்குச் சான்று வேறில்லை. தெற்கு அந்தமானிலிருந்து வடக்கே டிக்லிபூர்வரை போகும் இந்தச் சாலை ஜாரவா காப்பகத்தை ஊடுருவுகிறது. உச்ச நீதிமன்றம் அமைத்த சேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, காப்பகத்தை ஒட்டிய பகுதிகளில் சாலையை மூடுமாறு 2002 மே 7 அன்று உத்தரவு வந்தது. சாலை மூடப்படவில்லை. காவல் பாதுகாப்போடு வாகனங்கள் அணிவகுத்துப் போகும் கான்வாய் முறை தொடர்ந்தது; அதில் சுற்றுலாப் பயணிகளும் போனார்கள். 2012 ஜனவரியில் ஜாரவாப் பெண்களை ஆடவைத்துப் படமெடுத்த காணொளி உலகச் செய்தியானபோது, பத்தாண்டுக்கு முந்தைய உத்தரவு அனைவருக்கும் நினைவு வந்தது. அந்தச் சாலை இப்போது தேசிய நெடுஞ்சாலை 4.

நிர்வாகத்தின் தரப்பில் சொல்லவும் ஒன்று உண்டு. மாயாபந்தர், ரங்கத், டிக்லிபூர் மக்களுக்கு நோயாளியைத் தலைநகர் மருத்துவமனைக்குக் கொண்டுவர நிலவழி அது ஒன்றே. அதை மூடினால் யார் பதில் சொல்வது? நியாயமான கேள்வி. ஆனால் அதை வெளிப்படையாக எழுப்பி, மாற்றுக் கடல்வழிக்குக் காலக்கெடு வைத்து, செலவைக் கணக்கிட்டு விவாதிக்க ஓர் இடம் இல்லாததால், உத்தரவை மதிப்பதாகவும் மதிக்காததாகவும் ஒரே நேரத்தில் நடந்துகொள்வது நிர்வாக முறையாகவே ஆகிவிட்டது.

2004 டிசம்பர் 26-க்குப் பிந்தைய ஆண்டுகள் மூன்றாவது பலவீனத்தைக் காட்டின. சுனாமியில் தீவுகளில் 3,500 பேருக்கு மேல் இறந்தோ காணாமலோ போயினர். வீடிழந்தோருக்கு முதலில் தகரக் கொட்டகைகள். அந்தத் தட்பவெப்பத்தில் தகரத்தின் கீழ் பகலில் உட்கார்ந்திருக்க முடியாது. பிறகு 9,797 நிரந்தர வீடுகள் கட்டத் திட்டமானது. வடிவம் மெயின்லேண்டில் வரையப்பட்டது, பொருள்கள் மெயின்லேண்டிலிருந்து கப்பலேறின. குடும்பங்கள் கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. நிக்கோபாரிகளின் வாழ்க்கை துஹேத் என்னும் கூட்டுக் குடும்பத்தைச் சுற்றியது; நிலம், தென்னை, பன்றி எல்லாம் அதன் பொதுச் சொத்து. அரசு படிவத்திலோ கணவன், மனைவி, குழந்தைகள் என்ற தனிக் குடும்பத்துக்குத்தான் கட்டம் இருந்தது. நிவாரணப் பணமும் வீடும் அந்தக் கட்டத்தின்படி பிரிந்து போயின. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம்தான் இல்லை.

நான்காவது, தன் ஊழியருக்கே தான் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காத மெத்தனம். தீவுகளில் டி.ஆர்.எம். என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: தினக்கூலி மஸ்தூர். சாலை, துறைமுகம், மின்சாரம், காடு என்று எல்லாத் துறைகளையும் தாங்கி நிற்பவர்கள் அவர்கள். ஊதியம் தொடர்பான உத்தரவை நிறைவேற்றவில்லை என்று 2023 ஆகஸ்ட் 3 அன்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் சுற்று அமர்வு தலைமைச் செயலாளரைப் பணியிடை நீக்கம் செய்து, துணைநிலை ஆளுநருக்கு ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அபராதம் நிலைக்கவில்லை. அது மிகையான உத்தரவு என்பதும் சரிதான். ஆனால் ஒரு மாநிலத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து கேட்டு ஒரு நாளில் பதில் பெற்றிருக்கக்கூடிய விஷயத்துக்கு, இங்கே நீதிமன்ற அவமதிப்பு வழக்கு தேவைப்பட்டது.

எல்லாப் பாத்திரங்களையும் ஒரே நிர்வாகம் ஏற்பது அடுத்த சிக்கல். கிரேட் நிக்கோபார் திட்டத்தில் அது பளிச்சென்று தெரிகிறது. கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், புதிய நகரம். அறிவிக்கப்பட்டபோது 72,000 கோடி ரூபாய் மதிப்பு; 166 சதுர கிலோமீட்டர் பரப்பு; அதில் 130 சதுர கிலோமீட்டருக்கு மேல் காடு. கருத்து உருவானது நிதி ஆயோக்கில். முன்மொழிபவர், 1988-இல் தொடங்கப்பட்டுச் சுற்றுலா விடுதிகளும் பால் விநியோகமும் மதுக்கடைகளுமாக நடந்துகொண்டிருந்த அனிட்கோ என்னும் அரசு நிறுவனம். நிலத்தை வைத்திருப்பது வருவாய்த் துறை, காட்டை வைத்திருப்பது வனத் துறை, அத்தீவின் பழங்குடியினரான ஷோம்பென்களின் நலனைக் காப்பதும் நிர்வாகத்தின் சமிதி, வன உரிமைச் சான்று தருவது மாவட்ட நிர்வாகம். கேட்பவர், கொடுப்பவர், சாட்சி மூவரும் ஒரே செயலகத்தின் கிளைகள். 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அதே மாதம் பழங்குடியினர் கவுன்சில், முன்பு தந்த தடையின்மைச் சான்றைத் திரும்பப் பெற்றது. இழக்கும் மழைக்காட்டுக்கு ஈடாக மரம் நட முதலில் காட்டப்பட்ட இடங்களில் ஒன்று ஹரியானா. அந்தமான் கோப்புகளில் சிரிப்பு வருவது அரிது; இந்தப் பக்கம் விதிவிலக்கு.

திட்டம் நாட்டின் பாதுகாப்புக்கும் வணிகத்துக்கும் தேவை என்போர் முன்வைக்கும் வாதம் வலுவானதாகவே இருக்கலாம். மலாக்கா நீரிணையின் வாயில் இருக்கும் தீவைச் சும்மா விடக் கூடாது என்பதில் தவறில்லை. ஆனால் தேவை வலுவானதாக இருந்தால், கேட்பவரையும் சரிபார்ப்பவரையும் பிரித்து வைப்பதில் அச்சம் எதற்கு?

மேற்பார்வை என்று பார்த்தால் அதுவும் தீவில் இல்லை. அந்தமானின் வரவு செலவு, உள்துறை அமைச்சகத்தின் கீழ் ஒரு மானியக் கோரிக்கையாக நாடாளுமன்றத்துக்குப் போகிறது. பெரும்பாலான கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் 'கில்லட்டின்' முறையில் ஒட்டுமொத்தமாக நிறைவேறும் அவை அது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் கண்டுபிடிப்புகள் மத்திய அரசைப் பற்றிய அறிக்கைக்குள் சில பக்கங்களாக அடங்கிவிடுகின்றன. அந்தப் பக்கங்களை எடுத்துவைத்துத் துறைச் செயலாளரைக் குடையும் பொதுக் கணக்குக் குழு தீவில் கிடையாது. வரியிலும் இதே கதை. 2017 ஜூலை 1 வரை அந்தமானில் விற்பனை வரியோ வாட் வரியோ இருந்ததில்லை. ஜி.எஸ்.டி. வந்தது, அபர்தீன் பஜாரின் கடைக்காரர்கள் முதன்முறையாக ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கற்றார்கள். விகிதங்களைத் தீர்மானிக்கும் ஜி.எஸ்.டி. கவுன்சிலில் மாநிலங்களுக்கும் சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசங்களுக்குமே இருக்கை. அந்தமானுக்கு இல்லை.

பெயர் மாற்றம்கூட இந்த வழியில்தான் வந்தது. 2024 செப்டம்பர் 13 அன்று தலைநகர் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனதை நகரவாசிகள் உள்துறை அமைச்சரின் சமூக ஊடகப் பதிவிலிருந்து தெரிந்துகொண்டார்கள். பெயர் நல்லதா அல்லவா என்பது வேறு. நகராட்சி மன்றம் ஒன்று அந்த ஊரிலேயே இருக்கிறது.

சட்டமன்றம் வேண்டும் என்ற கோரிக்கை தீவுகளில் பழையது; தேர்தலுக்குத் தேர்தல் தலைகாட்டும். அது வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பப் புதுச்சேரியின் அனுபவம் இடம் தராது. 12 லட்சத்துக்கு மேல் மக்களும் 1963-இன் சட்டம் தந்த பேரவையும் உள்ள அங்கே, முதலமைச்சர் ஒரு பக்கமும் துணைநிலை ஆளுநர் மறுபக்கமுமாக இழுத்துக்கொண்டு கோப்புகள் நடுவில் நின்ற ஆண்டுகள் உண்டு. மூன்று லட்சத்து எண்பதாயிரம் மக்களுக்கு அமைச்சரவை அமைத்தால் செலவு தாங்குமா என்ற கேள்வியும் பொய்யல்ல. நிக்கோபாரிகள், ஷோம்பென்கள், ஜாரவாக்கள் போன்ற சிறுபான்மையரிலும் சிறுபான்மையரைப் பெரும்பான்மை வாக்கிலிருந்து காக்கத் தனி ஏற்பாடும் வேண்டியிருக்கும். ஆனால் சட்டமன்றம் வேண்டாம் என்றாலும் செய்யக்கூடியவை உண்டு: ஒழுங்குவிதி வெளியாகும் முன் அதன் வரைவைத் தீவு மொழிகளில் வைத்துக் கருத்துக் கேட்பது, அணையையும் அதன் நிதியையும் நகராட்சிக்கு மாற்றுவது, அனிட்கோ போன்ற நிறுவனங்களின் தலைமையைச் செயலகத்திலிருந்து பிரிப்பது. லட்சத்தீவில் 2021-இல் வளர்ச்சி ஆணைய வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பை அதிகாரிகள் தொல்லையாகப் பார்த்தார்கள். வரைவு என்று ஒன்று வெளியானதால்தான் அந்த எதிர்ப்பாவது பதிவானது.

யூனியன் பிரதேசங்களுக்குப் பேரவை அமைக்க வழிசெய்யும் 239-ஏ பிரிவு 1962-இல் சாசனத்தில் சேர்ந்தது. ஹிமாச்சலம், மணிப்பூர், திரிபுரா, கோவா–டாமன்–டையூ, புதுச்சேரி என்று அதில் பெயர்கள் எழுதப்பட்டன. ஹிமாச்சலமும் மணிப்பூரும் திரிபுராவும் கோவாவும் ஒவ்வொன்றாக மாநிலங்களாகி அந்தப் பட்டியலை விட்டு வெளியேறின, மிஞ்சியது புதுச்சேரி. அந்தமான் அந்தப் பட்டியலில் என்றுமே இருந்ததில்லை. அது எழுதப்பட்ட ஆண்டில் தீவுகளின் எம்.பி. நியமன உறுப்பினர், பெயரைச் சேருங்கள் என்று வற்புறுத்த வாக்காளர்கள் அனுப்பிய ஆள் அவையில் இல்லை.